புரோட்டானா, நியூட்ரானா, எலக்ட்ரானா? அணுவையும் தனிமத்தையும் பிள்ளைக்குப் புரியவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் எட்டாம் கிரேடில் இயற்கை அறிவியல் பாடத்துக்குள் அணு நுழைகிறது. ஒன்பதில் தனிம வரிசை அட்டவணை விரிவாக வருகிறது. பத்தாம் கிரேடில் பாடத்தின் பெயரே ஃபிசிக்கல் சயன்சஸ் என்று மாறி, ஐசோடோப்பு, எலக்ட்ரான் அமைப்பு, அயனியாக்க ஆற்றல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது. பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வான மெட்ரிக்கில் எழுதப்போகும் 150 மதிப்பெண் வேதியியல் தாள் முழுவதும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. ஒன்பதாம் கிரேடு முடிவில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "கெமிஸ்ட்ரி எனக்கு வராது" என்று ஒதுங்கும் பிள்ளைகளில் பலருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அணு, தனிமம், அயனி, ஐசோடோப்பு, மூலக்கூறு ஆகிய ஐந்தும் அவர்கள் தலைக்குள் ஒரே குழம்பாகக் கிடக்கின்றன.

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். வீட்டில் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ தமிழில் யோசித்து உதவ நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. 118 தனிமங்களையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்கினால் போதும்: எந்த எண் மாறியது? புரோட்டானின் எண்ணிக்கையா, நியூட்ரானின் எண்ணிக்கையா, எலக்ட்ரானின் எண்ணிக்கையா? இந்தக் கேள்வி கைவசம் இருந்தால் மேலே சொன்ன குழம்பு தானாகத் தெளியும்.

படி 1: கையில் இருக்கும் பொருள்களைப் பிரியுங்கள்

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குங்கள். ஒரு மேசையில் அலுமினியத் தாள், சமையல் உப்பு, சர்க்கரை, கற்பூரம், எவர்சில்வர் கரண்டி, ஒரு துண்டுச் செம்புக் கம்பி ஆகியவற்றை வையுங்கள். எது தனிமம், எது சேர்மம், எது கலவை என்று பிள்ளையே பிரிக்கட்டும்.

அலுமினியமும் செம்பும் தனிமங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே வகை அணுதான். (கடையில் வாங்கும் அலுமினியத் தாளில் கொஞ்சம் இரும்பும் சிலிக்கனும் இருக்கும். எட்டாம் கிரேடில் அதைக் கிளற வேண்டாம்.) உப்பும் சர்க்கரையும் கற்பூரமும் சேர்மங்கள். அவற்றில் வெவ்வேறு வகை அணுக்கள் மாறாத விகிதத்தில் பிணைந்திருக்கின்றன. சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன். 1860 நவம்பரில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய நம் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்தில் வெட்டிய கரும்பிலும் அதே விகிதம்தான், இன்று கடைத் தட்டில் இருக்கும் பொட்டலத்திலும் அதேதான்.

எவர்சில்வர் கரண்டியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அது இரும்பு, குரோமியம், பெரும்பாலும் நிக்கல் ஆகியவை கலந்த உலோகக் கலவை. ஆலையைப் பொறுத்து அளவு மாறும். விகிதம் மாறக்கூடியது என்பதால் அது சேர்மம் ஆகாது. குரோமியத் தாதுவை உலகிலேயே அதிகமாக வெட்டியெடுக்கும் நாடு தென்னாப்பிரிக்கா என்பதையும் போகிற போக்கில் சொல்லிவையுங்கள்.

இன்னும் நல்ல எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவின் தங்க நாணயமான க்ரூகரண்ட். 1967-இல் முதன்முதலில் வார்க்கப்பட்டது. அதன் மொத்த எடை 33.93 கிராம், அதில் தங்கம் 31.1 கிராம், மீதி செம்பு. நம் பெண்கள் போடும் நகையைப் போலவே அதுவும் 22 காரட். "தங்க நாணயம் தனிமமா?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் யோசிக்காமல் ஆம் என்பார்கள். தங்கம் தனிமம், அந்த நாணயம் கலவை. அதன் லேசான செந்நிறம் செம்பினால் வந்தது. கலந்த பிறகும் செம்பு தன் குணத்தைக் காட்டுகிறது. சேர்மத்தில் அப்படி நடக்காது. உப்பில் இருக்கும் சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிப்பதில்லை, குளோரின் மூச்சைத் திணறடிப்பதில்லை.

கற்பூரத்தை வைத்து இன்னொன்றையும் காட்டலாம். திறந்து வைத்தால் அது கரைந்து காணாமல் போகும். அங்கே மூலக்கூறு உடையவில்லை, திடம் நேரே ஆவியானது, அவ்வளவுதான். கொளுத்தினால் கதை வேறு. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகின்றன. எரிந்து தீராத கார்பன் கரியாக மேலே எழுகிறது. முதலாவது இயற்பியல் மாற்றம், இரண்டாவது வேதி மாற்றம். இரண்டிலும் ஒரு கார்பன் அணுகூட அழியவில்லை.

படி 2: அணுவுக்குள் என்ன இருக்கிறது

மூன்றே துகள்கள். புரோட்டானுக்கு நேர்மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர்மின்னூட்டம், நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே நிறை. எலக்ட்ரானின் நிறை புரோட்டானுடையதில் சுமார் 1836-இல் ஒரு பங்கு. புரோட்டானும் நியூட்ரானும் நடுவில் அணுக்கருவாக இறுகிக் கிடக்கின்றன, எலக்ட்ரான்கள் வெளியே.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லாமல் விட்டால் வெறும் மனப்பாடம் ஆகிவிடும். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1909-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகட்டின் மீது நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். மிக மிக மெல்லியதாக அடிக்க முடியும் என்பதால் தங்கம் அதற்கு வசதியாக இருந்தது. பெரும்பாலான துகள்கள் நேராகக் கடந்து போயின. பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. அப்படியானால் அணுவின் பெரும்பகுதி வெற்றிடம், நிறையெல்லாம் நடுவில் ஒரு சின்ன இடத்தில் குவிந்திருக்கிறது என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவுக்கு வந்தார். நியூட்ரான் பிடிபட 1932 வரை, சாட்விக் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

எவ்வளவு சின்ன இடம்? ஒரு தங்க அணுவை டர்பனின் மோசஸ் மபிடா ஸ்டேடியம் அளவுக்குப் பெரிதாக்கினால், நடுவில் இருக்கும் அணுக்கரு ஒரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அந்தக் கடலைக்குள் அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் அடங்கியிருக்கிறது.

பாடப்புத்தகப் படத்தில் எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்களாக வட்டத்தில் ஓடும். எண்ணிப் பார்க்க அந்தப் படம் உதவும், அதனால் எட்டிலும் ஒன்பதிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பத்தாம் கிரேடில் ஆர்பிட்டால் என்று வரும்போது, எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள இடம்தான் அது, ஓடுபாதை இல்லை என்று சொல்லி அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பழைய படத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் அடுத்த பாடம் ஏறாது.

படி 3: புரோட்டான்தான் அடையாளம்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மீதிப் படிகள் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

அணுக்கருவில் 78 புரோட்டான் இருந்தால் அது பிளாட்டினம். 79 இருந்தால் தங்கம். 80 இருந்தால் பாதரசம். வேறு எதையும் பார்க்க வேண்டாம். ரஸ்டன்பர்க் பக்கம் வெட்டியெடுக்கும் பிளாட்டினத்துக்கும், ஜோகன்னஸ்பர்க்கை ஒரு நகரமாக்கிய தங்கத்துக்கும், பழைய தெர்மாமீட்டரில் ஓடிய திரவ உலோகத்துக்கும் இடையே ஒவ்வொரு புரோட்டான்தான் வித்தியாசம். இந்த எண்தான் அணு எண். ஒரே தனிமத்தின் எல்லா அணுவிலும் இது ஒன்றாகவே இருக்கும், எந்த வேதிவினையிலும் மாறாது. பாதரசத்தைத் தங்கமாக்க நூற்றாண்டுக் கணக்கில் அடுப்பு மூட்டியவர்கள் தோற்றதற்கு இதுதான் காரணம். அடுப்புச் சூடும் அமிலமும் அணுக்கருவைத் தொடவே தொடாது.

இதை உறுதியாக உணர்த்த நம் நாட்டுத் தங்கச் சுரங்கத்தைவிட நல்ல பாடம் கிடையாது. விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886-இல் தங்கப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கார்ல்டன்வில் அருகே இருக்கும் ம்போனெங் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அவ்வளவு பாடுபட்டும் ஒரு டன் பாறையில் கிடைப்பது சில கிராம் தங்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்குகளை எப்படிப் பிரிப்பது? 1890 வாக்கில் இங்கே சயனைடு முறை வந்தது. பாறையைப் பொடியாக்கி, நீர்த்த சோடியம் சயனைடு கரைசலில் போட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். தங்க அணு ஒவ்வொன்றும் ஒரு எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுவாகிறது. இரண்டு சயனைடு அயனிகள் அதைப் பிடித்துக்கொள்ள, அது கரைந்துவிடுகிறது. இப்போது கரைசலைப் பார்த்தால் மஞ்சள் உலோகத்தின் அறிகுறியே இருக்காது. அப்புறம் துத்தநாகத் தூளைப் போடுவார்கள். ஒரு துத்தநாக அணு தன் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்க, இரண்டு தங்க அயனிகள் ஆளுக்கு ஒன்றை வாங்கி மறுபடியும் தங்க உலோகமாகப் படிகின்றன. (இப்போதைய ஆலைகளில் பெரும்பாலும் கிளர்வூட்டிய கரி கொண்டு பிரிக்கிறார்கள்.)

பிள்ளையிடம் கேளுங்கள்: பாறைக்குள் இருந்தபோது எத்தனை புரோட்டான்? 79. கரைசலில் கரைந்து மறைந்தபோது? 79. திரும்ப உலோகமானபோது? 79. எந்த எண் மாறியது? எலக்ட்ரான் மட்டும். 79, 78, மறுபடியும் 79. துத்தநாகமும் அப்படித்தான். அதன் 30 புரோட்டான் 30-ஆகவே இருந்தது, எலக்ட்ரான் 28 ஆனது. இந்த ஒரு கதை சரியாகப் பதிந்துவிட்டால், பின்னால் வரும் ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானை இழப்பது), ஒடுக்கம் (எலக்ட்ரானைப் பெறுவது) எல்லாம் பாதி படித்த மாதிரி. ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. சயனைடு கொடிய நஞ்சு.

படி 4: நியூட்ரான் மாறினால் ஐசோடோப்பு

புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் நிறை எண். தங்கத்தில் 79 புரோட்டான், 118 நியூட்ரான், ஆக 197. இயற்கையில் கிடைக்கும் தங்கம் எல்லாமே இந்த ஒரே வகைதான். எல்லாத் தனிமமும் அப்படி இல்லை. குளோரினில் 17 புரோட்டானோடு 18 நியூட்ரான் கொண்ட அணுவும் உண்டு, 20 நியூட்ரான் கொண்ட அணுவும் உண்டு. ஒன்று குளோரின்-35, மற்றது குளோரின்-37. அடையாளம் மாறவில்லை, எடை மட்டும் மாறியது. இவை ஐசோடோப்புகள்.

தேர்வில் தரும் தகவல் தாளின் அட்டவணையில் ஏறக்குறைய எல்லா நிறைகளும் முழு எண்கள். குளோரினுக்கு மட்டும் 35,5 என்றும் செம்புக்கு 63,5 என்றும் இருக்கும். (இங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவது வழக்கம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் இதை முப்பத்தைந்தும் ஐந்தும் என்று தனித்தனியாகப் படித்துக் குழம்ப வேண்டாம்.) அரை நியூட்ரான் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. நான்கு குளோரின் அணு எடுத்தால் ஏறக்குறைய மூன்று 35 ஆகவும் ஒன்று 37 ஆகவும் இருக்கும். 35-ஐ 75-ஆல் பெருக்கினால் 2625. 37-ஐ 25-ஆல் பெருக்கினால் 925. கூட்டி 100-ஆல் வகுத்தால் 35.5. அது சராசரி. 35.5 நிறை உள்ள குளோரின் அணு உலகில் ஒன்றுகூடக் கிடையாது. பத்தாம் கிரேடில் இந்தக் கணக்கு கட்டாயம் வரும்.

கேப் டவுன் அருகே கூபர்க் அணுமின் நிலையம் 1984 முதல் மின்சாரம் தருகிறது. அதன் எரிபொருளும் ஐசோடோப்புக் கதைதான். இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு, மீதி ஏறக்குறைய எல்லாம் 238. இரண்டுக்கும் 92 புரோட்டான், வேதிக்குணமும் ஒன்றே. ஆனால் உலைக்குள் எளிதாகப் பிளந்து ஆற்றல் தருவது 235 தான், அதனால் அதன் பங்கைச் சில விழுக்காடு உயர்த்திய பிறகே எரிபொருளாக்குகிறார்கள். மூன்று நியூட்ரான் குறைந்ததற்கு இவ்வளவு விளைவு. அணுக்கருவே மாறும் இதுபோன்ற இடங்களில்தான் தனிமமே வேறு தனிமமாக மாறுகிறது, அதனால் அது வேதிவினை ஆகாது.

படி 5: எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன

மின்னூட்டமற்ற அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் சம எண்ணிக்கை. அந்த எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில்தான் இருக்க முடியும். முதல் 20 தனிமங்களுக்கு 2, 8, 8, 2 என்ற வரிசை போதும். முதல் மட்டத்தில் 2 நிரம்பியதும் அடுத்ததில் 8, பிறகு மூன்றாவதில் 8, அப்புறம் நான்காவது. சோடியம் 11 என்றால் 2, 8, 1. குளோரின் 17 என்றால் 2, 8, 7. கால்சியம் 20 என்றால் 2, 8, 8, 2. இருபதையும் ஒரு தாளில் பிள்ளையே எழுதட்டும். பத்தாம் கிரேடில் இரண்டாவது மட்டத்திலிருந்து எஸ், பி என்று துணை மட்டங்களாகப் பிரியும், முதல் மட்டத்தில் எஸ் மட்டும்தான். எஸ்-இல் 2, பி-யில் 6. எண்ணிக்கை அதே 8 தான், பெட்டி மட்டும் புதிது.

இதற்கு ஆதாரம் அடுப்பிலேயே இருக்கிறது. லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டின் புண்ணியத்தில் நம்மில் பலர் வீட்டுக்குள் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு, நீலச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் பளிச்சென்று மஞ்சளாகும். சோடியத்தின் வெளி எலக்ட்ரான் சூட்டில் மேல் மட்டத்துக்கு ஏறி, கீழே இறங்கும்போது அந்த வித்தியாசத்தை ஒளியாக விடுகிறது. மட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு, அதனால் நிறமும் வேறு. தீபாவளி வாணத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்குச் சோடியம் என்று உப்புகளைச் சேர்ப்பதும் இதே கணக்குத்தான். சுடர்ச் சோதனை பத்தாம் கிரேடு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

இன்னொரு ஆதாரம் எண்களில் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். சோடியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு (வேதியியலில் அணுக்களை எண்ணும் அலகு) 496 கிலோஜூல் வேண்டும். அயனியாக்க ஆற்றல் என்பது இதுதான். இரண்டாவதைப் பிடுங்க 4562. ஒரேயடியாக ஒன்பது மடங்கு! மக்னீசியத்துக்கு 738, 1451, பிறகு திடீரென்று 7733. அந்தத் தாவல் எங்கே வருகிறதோ அங்கே உள் மட்டம் தொடங்குகிறது. சோடியம் ஒன்றோடு நிற்பதும் மக்னீசியம் இரண்டோடு நிற்பதும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

"சோடியம் எலக்ட்ரானைக் கொடுத்துவிட ஆசைப்படுகிறது" என்று வகுப்பில் சொல்வதுண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. 496 கிலோஜூல் செலவழித்தால்தான் அது விடுகிறது. பிறகு நேர் அயனியும் எதிர் அயனியும் நெருங்கிப் படிகமாக அடுக்கும்போது அதைவிட அதிக ஆற்றல் வெளிப்படுகிறது, அதனால்தான் உப்பு உண்டாகிறது. ஆசை என்று எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் மதிப்பெண் தரமாட்டார்.

படி 6: அட்டவணையை வரைபடமாகப் படிப்பது

1869-இல் மெண்டலீவ் தனிமங்களை எடை வரிசையில் அடுக்கி, குணம் ஒத்தவை ஒரே நிரலில் வருமாறு அமைத்தார். பொருத்தமான தனிமம் இல்லாத இடங்களைக் காலியாக விட்டு, அங்கே வரப்போவது எப்படி இருக்கும் என்றும் எழுதிவைத்தார். 1875-இல் காலியமும் 1886-இல் ஜெர்மானியமும் கிடைத்து அந்த இடங்களில் உட்கார்ந்தன. ஆனால் எடை வரிசையில் சில இடங்கள் உதைத்தன. தகவல் தாளையே பாருங்கள். 18-ஆம் இடத்தில் ஆர்கானின் நிறை 40, 19-ஆம் இடத்தில் பொட்டாசியம் 39. எடைப்படி போனால் பொட்டாசியம் மந்த வாயுக்களின் நிரலுக்குப் போய்விடும். 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு, வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்னூட்டம்தான் என்று காட்டினார். மறுபடியும் புரோட்டான்.

படிக்கும் முறை எளிது. கிடைவரிசை எண் எத்தனை ஆற்றல் மட்டம் என்பதைச் சொல்லும். நிரல், வெளி மட்டத்தில் எத்தனை எலக்ட்ரான் என்பதைச் சொல்லும். நிரல் 1-இல் ஒன்று, 2-இல் இரண்டு, 13 முதல் 18 வரை பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். 17-இல் ஏழு, 18-இல் எட்டு (ஹீலியம் மட்டும் இரண்டோடு நின்றுவிடும்). வெளி எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றானால் குணமும் ஒத்துப்போகும். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் தண்ணீரோடு சண்டைக்கு நிற்பது அதனால்தான். நடுவில் இருக்கும் இடைநிலை உலோகங்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது.

இரண்டு இடத்தில் எச்சரிக்கை. இங்கத்திய தகவல் தாளில் அணு எண் மேலே, நிறை கீழே. வேறு சில புத்தகங்களில் தலைகீழாக இருக்கும். மேல் கீழ் பார்த்து மனப்பாடம் செய்யாமல், ஹைட்ரஜனைத் தவிர எல்லாவற்றிலும் பெரிய எண் நிறை என்று பழக்குங்கள். ஹைட்ரஜனில் இரண்டும் 1. அடுத்து, குறியீட்டில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சின்னது. சி பெரிதாகவும் ஓ சின்னதாகவும் இருந்தால் கோபால்ட். இரண்டையும் பெரிதாக எழுதினால் கார்பன் மோனாக்சைடு. சோடியத்துக்கு என்-ஏ, பொட்டாசியத்துக்கு கே, இரும்புக்கு எஃப்-ஈ, தங்கத்துக்கு ஏ-யூ, ஈயத்துக்கு பி-பி என்பவை லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை. இவற்றை மட்டும் உருப்போட்டே ஆக வேண்டும்.

படி 7: அயனி, வாய்பாடு, மூலக்கூறு

எலக்ட்ரான் எண்ணிக்கை மாறினால் அயனி. இழந்தால் நேர் அயனி, பெற்றால் எதிர் அயனி. எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் இழப்பு கூட்டல் குறியாகிறது. பிள்ளைகள் இங்கே வழுக்குவார்கள், ஆகவே எப்போதும் புரோட்டானிலிருந்து எலக்ட்ரானைக் கழிக்கச் சொல்லுங்கள். சோடியம் 11 கழித்தல் 10, கூட்டல் 1. குளோரின் 17 கழித்தல் 18, கழித்தல் 1.

வாய்பாடு எழுத, மொத்த மின்னூட்டம் பூஜ்யம் ஆக வேண்டும் என்ற ஒரே விதி போதும். மக்னீசியம் கூட்டல் 2, குளோரைடு கழித்தல் 1, ஆகவே ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு குளோரைடு. அலுமினியம் கூட்டல் 3, ஆக்சைடு கழித்தல் 2, ஆகவே இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சைடு. ரிச்சர்ட்ஸ் பே ஆலையில் இறக்குமதி செய்த அலுமினியம் ஆக்சைடை உருக்கிய கலவையில் கரைத்து மின்சாரம் செலுத்தும்போது, ஒவ்வொரு அலுமினிய அயனிக்கும் மூன்று எலக்ட்ரான் திரும்பக் கிடைக்கிறது. அந்த ஆலைக்கு ஏன் அவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும்.

எலக்ட்ரானைக் கொடுக்காமல் வாங்காமல் பங்கிட்டுக்கொண்டால் மூலக்கூறு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மூலக்கூறும் சேர்மமும் ஒன்றல்ல. ஆக்சிஜன் தனிமம், ஆனால் இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறாக இருக்கிறது. தண்ணீர் சேர்மம், அதுவும் மூலக்கூறு. ஆர்கான் தனிமம், தனித்தனி அணு. உப்பு சேர்மம், ஆனால் அதில் மூலக்கூறே இல்லை, சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கிய படிகம். கிம்பர்லி வைரமும் பென்சில் கிராஃபைட்டும் ஒரே கார்பன், அடுக்கிய விதம்தான் வேறு. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தால் நல்லது.

படி 8: பயிற்சி

பழைய மெட்ரிக் தாள்களும் அவற்றின் மெமோக்களும் (விடைக்குறிப்புகளும்) அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் கிரேடு பிள்ளைக்கு அவை கொஞ்சம் கடினம். அதற்கு முன் கீழே உள்ளவற்றைக் கொடுங்கள். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்ற வரிசையில் மூன்று எண்கள். இது என்ன, நிறை எண் எவ்வளவு, மின்னூட்டம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

முதலாவது 6, 8, 6.
இரண்டாவது 12, 12, 10.
மூன்றாவது 17, 20, 18.
நான்காவது 79, 118, 78.
ஐந்தாவது 26, 30, 23.

முதலாவது கார்பன்-14. மின்னூட்டம் இல்லை, சாதாரணக் கார்பன்-12-ஐவிட இரண்டு நியூட்ரான் அதிகம். இரண்டாவது மக்னீசியம் அயனி, நிறை எண் 24, மின்னூட்டம் கூட்டல் 2. மூன்றாவதில் இரண்டு மாற்றம் ஒன்றாக வருகிறது. குளோரினின் கனமான ஐசோடோப்பு, அதுவும் ஒரு எலக்ட்ரானைப் பெற்ற பிறகு. நிறை எண் 37, மின்னூட்டம் கழித்தல் 1. நான்காவதை ஏற்கெனவே சந்தித்துவிட்டோம். சயனைடு கரைசலில் கரைந்திருக்கும் தங்க அயனி.

ஐந்தாவது இரும்பு அயனி, நிறை எண் 56, மின்னூட்டம் கூட்டல் 3. துருவிலும் செம்மண்ணிலும் இருப்பது இதுதான். இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 23 எலக்ட்ரான் என்றதும் சில பிள்ளைகள் அட்டவணையில் 23-ஐத் தேடிப்போய் வனேடியம் என்று எழுதுவார்கள். வனேடியமும் இந்த நாட்டில் வெட்டியெடுக்கும் உலோகம்தான், பெயரும் கேட்ட பெயராக இருக்கும், அதனால் சந்தேகமே வராது. இரண்டாவது கேள்வியில் 10 எலக்ட்ரானைப் பார்த்து நியான் என்று எழுதுவதும் இதே வழுக்கல். உங்கள் பிள்ளை அப்படி எழுதினால் ஆறாம், ஏழாம் படிகளை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.